"கோபமா?" என்ற கேள்வி: மனச்சோர்வும் உறவும் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மனச்சோர்வுக்கு ஆளான ஒருவரைப் பற்றி அவருடன் வாழ்கிறவர்கள் பேசும்போது நோயின் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. "முன்ன மாதிரி பேசுறதில்லை", "எதைச் சொன்னாலும் தப்பா எடுத்துக்கிறார்", "கேட்டதையே கேட்டுக்கிட்டிருக்கிறார்" என்றுதான் தொடங்குகிறார்கள். அவர்கள் விவரிப்பது ஓர் உறவில் நேர்ந்த மாற்றத்தை. மனநோய்களை இனங்காண மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013-இல் வெளியான டி.எஸ்.எம்-5 கையேடு பெரும் மனச்சோர்வுக்குத் தரும் 9 அறிகுறிகளோ ஒருவரின் உடலையும் மனத்தையும் சார்ந்தவை: சோர்ந்த மனநிலை, எதிலும் நாட்டமின்மை, பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கக் கோளாறு, உடல் அசைவுகள் மந்தமாவதோ பதற்றமாவதோ, களைப்பு, தகுதியற்றவன் என்ற குற்ற உணர்வு, கவனமின்மை, சாவைப் பற்றிய எண்ணம். சமூக வாழ்வு பாதிக்கப்படும் என்று பொதுவாக ஒரு வரி இருக்கிறதே தவிர, அந்தப் பாதிப்பு எந்த வடிவில் வரும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டார் முதலில் காண்பதும் மருத்துவர் முதலில் எண்ணுவதும் வேறு வேறாக இருப்பதால்தான் இந்த ஆய்வை எழுதுகிறேன்.

இங்கே விவரிக்கப்படுபவர் ஒரு தனி மனிதர் அல்லர். ஒரே வகையான உறவுச் சிக்கலோடு வருகிற பலரிடம் காணப்படும் கூறுகளைச் சேர்த்து, யாரையும் அடையாளம் காண இயலாதபடி அமைத்த தொகுப்பு உருவம் இது. மதிப்பெண்களும் உரையாடல்களும் அந்த வகையிலேயே கொள்ளப்பட வேண்டும்.

வந்த காரணம்

37 வயது ஆண். கணக்குத் துறையில் மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர். மனைவியும் 9 வயது மகளும் உண்டு. தாமாக அவர் வரவில்லை. மனைவியின் வற்புறுத்தலால் வந்து, முதல் சந்திப்பில் பத்து நிமிடங்களுக்கு மேல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மாதங்களாகத் தூக்கம் அதிகாலை மூன்று மணிக்குக் கலைந்துவிடுகிறது, எடை குறைந்திருக்கிறது, முன்பு விரும்பிச் செய்த எதையும் தொட மனமில்லை என்பவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பெற முடிந்தது. தாமாக அவர் சொன்ன ஒரே வாக்கியம் இதுதான்: "எல்லாருக்கும் நான் ஒரு சுமை சார்."

மனைவி தனியே பேசியபோது ஒரு சிறு குறிப்பேட்டைக் காட்டினார். "என் மேல கோபமா?", "ஏதாவது தப்பா பேசிட்டேனா?", "என்னைப் பிடிக்கலையா?" என்று கணவர் கேட்டதை ஒரு வாரம் குறித்துவைத்திருந்தார். ஏழு நாட்களில் 61 முறை. அதைக் குற்றப்பத்திரிகையாக அவர் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் "இல்லைங்க" என்று சொல்லியும் ஏன் போதவில்லை என்பது புரியாமல் எழுதியிருந்தார். "பக்கத்துல போனா நானும் சேர்ந்து மூழ்குறேன், தள்ளி நின்னா கல்நெஞ்சுக்காரி ஆயிடுறேன்" என்றார்.

முன்வரலாறு

24 வயதில் முதல் வேலையை இழந்தபோது ஏறத்தாழ நான்கு மாதங்கள் இதே போன்ற நிலை இருந்து, சிகிச்சை ஏதுமின்றி விலகியிருக்கிறது. அளவுகடந்த உற்சாகமும் தூக்கமின்றியே சுறுசுறுப்பும் இருந்த காலம் எதுவும் இல்லை. மனச்சோர்வுக்கு மருந்து தொடங்குமுன் இதை உறுதி செய்வது அவசியம், ஏனெனில் சோர்வும் மிகையான உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு அம்மருந்தை மட்டும் கொடுப்பது நிலைமையை மோசமாக்கக்கூடும். குடிப்பழக்கம் இல்லை. தைராய்டு உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகள் இயல்பாக இருந்தன.

இளமைக் காலத்தில் அவருடைய தாயார் சில வேளைகளில் நாள்கணக்கில் யாரோடும் பேசாமல் இருப்பாராம். காரணம் யாரும் சொன்னதில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு "என் மேல கோபமா அம்மா?" என்று கேட்டதும், தாயார் தலையை மட்டும் அசைத்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. இப்போதைய கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று முடிவு கட்ட நான் தயங்குகிறேன். நினைவுகளை இன்றைய மனநிலை தேர்ந்தெடுக்கிறது, சோர்ந்த மனம் சோர்ந்த நினைவுகளையே எளிதில் எடுத்துத் தருகிறது. ஆயினும் மற்றவரின் மௌனத்துக்குத் தானே காரணம் என்று கொள்ளும் பழக்கம் நெடுநாளையது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

மதிப்பீடு

மனச்சோர்வின் கடுமையை அளக்கும் பி.எச்.கியூ-9 வினாத்தாளில் 27-க்கு 19 மதிப்பெண். மிதமான நிலையைக் கடந்து கடுமையை நெருங்கும் மனச்சோர்வு. "சுமை" என்ற சொல்லை அவர் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்ததால், சாவைப் பற்றி நேரடியாகக் கேட்டேன். இப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் வீட்டாரிடம் பரவலாக உண்டு, அது தவறு. "நான் இல்லாட்டி அவங்க நிம்மதியா இருப்பாங்கன்னு தோணும். ஆனா எதுவும் செய்யணும்னு நினைச்சதில்லை" என்றார். தற்கொலை எண்ணத்தின் பின்னணியாக உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005-இல் முன்வைத்த விளக்கத்தில் இரண்டு உணர்வுகள் முக்கியமானவை: தான் பிறருக்குச் சுமை, தனக்கு எங்கும் இடமில்லை. இரண்டுமே உறவைப் பற்றியவை. அதனால் இவருடைய அந்த ஒற்றை வாக்கியத்தை வெறும் புலம்பலாகக் கடந்து போகக் கூடாது. எண்ணம் தீவிரமானால் யாரிடம் சொல்வது, எங்கே செல்வது என்ற பாதுகாப்புத் திட்டத்தை மனைவியையும் வைத்துக்கொண்டு அன்றே எழுதினோம். மனநல மருத்துவர் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தொடங்கினார்.

உறவுகளின் கணக்கு

இரண்டாம், மூன்றாம் அமர்வுகள் முழுவதையும் அவருடைய வாழ்வில் இருக்கும் மனிதர்களைப் பற்றிப் பேசுவதற்கே ஒதுக்கினேன். யார் யார், எவ்வளவு நெருக்கம், கடைசியாக எப்போது பேசினீர்கள், அவரிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள், அவர் உங்களிடம் எதை எதிர்பார்க்கிறார் என்று ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டோம். அதில் மூன்று வகையான நடத்தைகள் தெளிந்தன. அவை ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்ததுதான் வீட்டாரைக் குழப்பியிருக்கிறது.

முதலாவது, வீட்டில் ஓயாமல் உறுதி கேட்பது. மேலே சொன்ன 61 கேள்விகள் அதைச் சேர்ந்தவை.

இரண்டாவது, நண்பரிடமிருந்து விலகுவது. கல்லூரி நாள் முதல் நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். அவருடைய தாயார் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தபோது இவர் போய்ப் பார்க்கவில்லை. போகக் கூடாது என்பதில்லை. "இந்த முகத்தோடு போய் என்ன செய்ய" என்று நாளைத் தள்ளினார். ஒரு வாரம் கழிந்ததும் போகாததற்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்று வாரங்களில் அந்த விளக்கமே மலையாகிவிட்டது. நண்பர் அழைத்தபோது தொலைபேசி அடித்து ஓயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறேழு அழைப்புகளுக்குப் பிறகு நண்பர் நிறுத்திவிட்டார். "அவனுக்கு நான் தேவையில்லை" என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

மூன்றாவதைக் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. பத்து மாதங்களுக்கு முன் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. தோளோடு தோள் நின்று வேலை செய்தவர்களை மேற்பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார். யாருக்கும் வேலை சொல்லத் தயங்கி, பிறர் முடிக்காததைத் தாமே இரவில் அமர்ந்து முடித்து, உள்ளுக்குள் குமுறிக்கொண்டிருந்தார். ஒருநாள் மேலதிகாரி அழைத்து, காலாண்டுக் கணக்கு நன்றாக வந்திருப்பதாகப் பாராட்டினார். இவர் உடனே அதிலிருந்த ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார். மேலதிகாரி அது பெரிதில்லை என்றதும் இன்னொன்றைச் சொன்னார். மூன்றாவது பிழையில் மேலதிகாரி, "சரி, அதைக் கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்தான்" என்று ஒப்புக்கொண்டார். அதைக் கேட்டதும் எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். நெடுநேரம் யோசித்து, "வலிச்சுது. ஆனா அப்பதான் அவர் உண்மை பேசுறார்னு தோணுச்சு" என்றார்.

எப்படிப் புரிந்துகொண்டேன்

இந்த வாக்கியம்தான் இந்நிகழ்வின் திறவுகோல் என்று கருதுகிறேன். பாராட்டு பொய்யாகவும் குறை மெய்யாகவும் படுகிற மனத்துக்கு, தன்னைப் பற்றித் தான் ஏற்கெனவே நம்புவதை யார் உறுதிப்படுத்துகிறாரோ அவரே நம்பத்தக்கவர். உளவியலாளர் வில்லியம் ஸ்வான் 1980-களில் வகுத்த தன்-உறுதிப்பாட்டுக் கோட்பாடு சொல்வது இதைத்தான்: தன்னைப் பற்றிய எண்ணம் கசப்பானதாக இருந்தாலும், அது பிறர் வாயால் மெய்ப்பிக்கப்படுவதையே மனிதர் நாடுகிறார்கள், ஏனெனில் அறிந்த உலகம் அறியாத உலகத்தைவிடப் பிடிமானம் தருகிறது. ஆனால் அதே மனத்துக்கு அன்பும் வேண்டும். ஆகவே வீட்டில் "கோபமா?" என்று கேட்கிறார்; "இல்லைங்க" என்ற பதில் ஒரு கணம் ஆறுதல் தருகிறது; அடுத்த கணம், 'பரிதாபப்பட்டுச் சொல்கிறாள்' என்ற ஐயம் எழுகிறது; ஐயத்தைத் தீர்க்க மறுபடி கேட்கிறார். நெஞ்சு ஆறுதலை வேண்ட, அறிவு அதைத் தள்ளிவிடுகிறது. மிகையாக உறுதி கேட்பதையும் குறையைத் தேடிப் போவதையும் ஒரே நபரிடம் காணலாம் என்பது ஜாய்னரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1990-களில் செய்த ஆய்வுகளிலிருந்தும் தெரியவருகிறது.

இதுவரை சொன்னது நோயாளியின் பக்கம். மனைவியின் பக்கத்தைச் சேர்க்காவிட்டால் பாதி உண்மையே கிடைக்கும். 61 முறை கேட்கப்பட்ட கேள்விக்கு 61-ஆவது முறையும் முதல் முறை போலவே கனிவோடு பதில் சொல்ல எவராலும் இயலாது. சொல் "இல்லைங்க" என்றே இருந்தது; ஆனால் அவர் தலை நிமிரவில்லை, குரல் தட்டையாகிவிட்டது, கை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தவில்லை. கணவர் சொல்லை நம்பாமல் குரலை நம்பினார். அவர் படித்தது பிழையன்று. அந்தக் குரலில் எரிச்சல் இருக்கத்தான் செய்தது.

1976-இல் உளவியலாளர் ஜேம்ஸ் காயின் வெளியிட்ட கட்டுரை சுட்டிய சுழல் இது. சோர்ந்தவரின் துயரம் சுற்றியிருப்பவர்களிடம் முதலில் பரிவையும், பின்னர் சலிப்பையும், சலிப்பால் ஒரு குற்ற உணர்வையும் எழுப்புகிறது. அவர்கள் சலிப்பை மறைத்துக்கொண்டு ஆறுதல் சொல்கிறார்கள். சொல்லுக்கும் தொனிக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சோர்ந்தவர் உணர்ந்து மேலும் உறுதி கேட்கிறார். இதில் யார் தொடங்கினார் என்று தேடுவது பயனற்றது. மனச்சோர்வு உள்ளவர் 'எல்லாரும் என்னை வெறுக்கிறார்கள்' என்று சொல்லும்போது அதை முற்றிலும் சிந்தனைப் பிழையாக எடுத்துக்கொண்டு திருத்த முற்படுவது சில வேளைகளில் அவருடைய சரியான கவனிப்பையே மறுப்பதாகிவிடுகிறது. இந்நோயைப் பற்றிய பயிற்சியில் இந்த ஒரு செய்திக்கு உரிய அழுத்தம் தரப்படுவதில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு.

நண்பரின் விலகலும் இத்தகையதே. உளவியலாளர் கான்ஸ்டன்ஸ் ஹேமன் 1991-இல், மனச்சோர்வு வரலாறு உள்ள பெண்களை ஓராண்டு பின்தொடர்ந்து, அவர்கள் வாழ்வில் நேரும் நெருக்கடிகளில், குறிப்பாக உறவுச் சச்சரவுகளில், அவர்களுடைய நடத்தைக்கும் ஒரு பங்கு இருப்பதைக் காட்டினார். இதைப் பழி சுமத்துவதாகக் கொள்ளக் கூடாது. வெளியே நேர்ந்த துயரம் நோயைத் தருவது போலவே, நோயும் வெளியே புதிய துயரங்களை உண்டாக்குகிறது. இலண்டனில் பெண்களிடம் ஆய்வு நடத்திய ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் இருவரும் 1978-இலேயே, மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இல்லாதவர்களே நெருக்கடிக் காலத்தில் எளிதில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்று எழுதியிருந்தனர். இவர் தம் நண்பரை இழந்தது, தேவை மிகுந்த நேரத்தில் காப்பையே கழற்றி வைத்தது போலாயிற்று.

சிகிச்சை

உறவுசார் உளச்சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தேன். ஜெரால்ட் கிளெர்மன், மிர்னா வைஸ்மன் முதலியோர் உருவாக்கி 1984-இல் கையேடாக வெளியிட்ட இம்முறை, வழக்கமாக 12 முதல் 16 வாரங்களில் முடிவது. துக்கம், உறவுப் பிணக்கு, வாழ்நிலை மாற்றம், உறவுத் திறன் குறைபாடு என்ற நான்கில் ஒன்றையோ இரண்டையோ மையமாகக் கொள்வது. இவருக்கு மனைவியுடனான பிணக்கையும் பதவி மாற்றத்தையும் எடுத்துக்கொண்டோம்.

முதல் வேலை, இது ஒரு நோய் என்பதை இருவருக்கும் சொல்வது. எலும்பு முறிந்தவரிடம் மூட்டை தூக்கச் சொல்லமாட்டோம். அதே சமயம் பிசியோதெரபிக்கு அவர் வரத்தான் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னதில் மனைவியின் முகம் தெளிந்ததைக் கண்டேன். கணவர் வேண்டுமென்றே தன்னை வதைக்கவில்லை என்று யாரேனும் சொல்ல வேண்டும் என அவர் காத்திருந்திருக்கிறார்.

நான்காம் அமர்வில் நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் அவர், "உங்க நேரத்தை வீணாக்குறேனா சார்?" என்று கேட்பார். மூன்று முறை "இல்லவே இல்லை" என்றேன். நான்காம் முறை சொல்லும்போது என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. அவர் பார்த்துவிட்டார். அறையில் அவருடைய மனைவி நிற்கும் இடத்திலேயே நானும் நின்றிருந்தேன். அடுத்த அமர்வை அதிலிருந்தே தொடங்கினேன்: "போன வாரம் நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நீங்களும் அதைக் கவனித்தீர்கள். எனக்குச் சற்றுச் சலிப்பு வந்தது உண்மை. சலிப்பு உங்கள் மேல் இல்லை; என் பதில் உங்களுக்குள் இறங்கவில்லை என்பதில் வந்தது. இன்று உங்களைப் பார்த்ததில் எனக்கு மகிழ்ச்சி என்பதும் உண்மை." அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்து, "ரெண்டும் ஒண்ணா இருக்க முடியுமா?" என்றார். அதற்குப் பின் வந்த வாரங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தன.

வீட்டில் நடந்த உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் நினைவுகூரச் செய்து, அவர் என்ன கேட்டார், உண்மையில் என்ன வேண்டியிருந்தது என்று பிரித்துப் பார்த்தோம். "கோபமா?" என்பதன் அடியில் பெரும்பாலும் வேறொன்று இருந்தது: தனியாக இருக்க அச்சம், அன்று அலுவலகத்தில் பட்ட அவமானம், அல்லது வெறும் களைப்பு. "மனசு கனமா இருக்கு, பத்து நிமிஷம் பக்கத்துல உக்காரு" என்று சொல்லிப் பார்க்கும்படி கேட்டேன். அப்படிச் சொல்ல அவருக்கு இரண்டு வாரங்கள் ஆயிற்று. கேள்வி கேட்பதைவிட வேண்டியதைக் கேட்பது அவருக்குப் பெரும் துணிச்சலாக இருந்தது, மறுக்கப்பட்டால் மறைத்துக்கொள்ள இடமில்லையே. அலுவலகத்தில் வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் பேச்சை அறையிலேயே ஒத்திகை பார்த்தோம். அது எதிர்பார்த்ததைவிட விரைவில் கைவந்தது.

ஆறாவது வாரம்

ஆறாவது வாரத்தில் அவருடைய மதிப்பெண் 9-க்கு இறங்கியிருந்தது. தூக்கம் சீராகிவிட்டது, பசி திரும்பிவிட்டது. பலருக்கும் சிகிச்சை இந்த இடத்தில் தளர்ந்துவிடுகிறது. மனைவியோ, "அவர் தேறிட்டார்னு சொல்றீங்க. வீட்டுல எனக்கு ஒண்ணும் மாறலையே" என்றார். அவருக்கும் வினாத்தாள் கொடுத்தேன், 8 வந்தது. கணவர் அறைக்குள் வரும்போதே தன் தோள்கள் இறுகுவதாகச் சொன்னார். மகள் தந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறாள் என்பதையும் அப்போதுதான் சொன்னார். மனநிலை வாரங்களில் மாறலாம். ஒருவர் மற்றவரை எதிர்பார்க்கும் விதம் அதே வேகத்தில் மாறுவதில்லை. உளவியலாளர்கள் ஜில் ஹூலி, ஜான் டீஸ்டேல் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், "உங்கள் துணைவர் உங்களை எவ்வளவு குறை சொல்கிறார்?" என்ற ஒரே கேள்விக்கு நோயாளி தரும் எண், அடுத்த 9 மாதங்களில் நோய் திரும்புவதை வலுவாக முன்னறிவித்தது. இதே கேள்விக்குக் கணவர் 10-க்கு 9 என்றார்.

எனவே மூன்று அமர்வுகளை இருவரோடும் சேர்ந்து நடத்தினேன். ஒரே கேள்விக்கு இரண்டாம் முறை உறுதி சொல்ல வேண்டாம், "பதில் சொல்லிட்டேன், இப்ப உங்களுக்கு உள்ள என்ன பண்ணுது?" என்று கேளுங்கள் என்று மனைவியிடம் சொன்னேன். அதைவிட முக்கியமானது, கோபம் இருந்தால் இருக்கிறது என்று சொல்ல அவருக்கு அனுமதி தந்தது. நோயாளியிடம் கோபப்படக் கூடாது என்று அவர் தனக்குத்தானே விதித்துக்கொண்டிருந்த தடைதான் அவருடைய குரலைத் தட்டையாக்கியிருந்தது. பதினோராம் வாரத்தில் இருவரும் உரக்கச் சண்டையிட்டார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று கணவர் அடுத்த அமர்வில் சொன்னார். சண்டைக்குப் பின் என்ன நடந்தது என்று கேட்டபோது, மனைவி அழுதுவிட்டு, பிறகு மகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிச் சாதாரணமாகப் பேசியதாகச் சொன்னார். சொல்லும்போதே நிறுத்திவிட்டார்.

பின்தொடர்தல்

பதினாறாம் வாரத்தில் மதிப்பெண் 6. ஆறு மாதங்கள் கழித்து 4. மனைவி குறை சொல்லும் அளவுக்கு அவர் தந்த எண் 5-ஆக இறங்கியது. நோய் திரும்பும் வாய்ப்பு கருதி, தேறிய பின்னும் மருந்தைக் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர மருத்துவர் அறிவுறுத்தியிருந்தார். மருந்து செய்தது எவ்வளவு, பேச்சு செய்தது எவ்வளவு என்பதை இப்படி ஒரு நிகழ்விலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. சேர்ந்திருந்த அமர்வுகள் இல்லாமல், மனைவி குறை சொல்லும் அளவுக்கு அவர் தந்த அந்த 9 என்ற எண் இறங்கியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை, அவ்வளவே.

நண்பரை அவர் அழைத்தார். போகாததற்கு விளக்கம் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டார். நண்பர் மரியாதையாகப் பேசினார். பழைய நெருக்கம் அந்தப் பேச்சில் இல்லை. இரண்டாம் அழைப்பும் அப்படியே. அதை இழப்பாகவே வைத்து, வருந்துவதற்கு இடம் கொடுத்தோம்.

ஆறாம் மாதச் சந்திப்புக்கு இருவரும் வந்திருந்தார்கள். அந்தக் கேள்வி இன்னும் வருகிறதா என்று கேட்டேன். வாரத்தில் ஓரிரு முறை வருகிறது என்றார் மனைவி. முந்தைய வாரம் ஓர் இரவு விளக்கை அணைத்த பிறகு, "கோபமா?" என்று கேட்டாராம். "ஆமா, கொஞ்சம். காலைல பேசிக்கலாம்" என்று மனைவி சொன்னாராம். "அப்புறம்?" என்றேன். "தூங்கிட்டேன் சார்" என்றார் கணவர்.